போர்டை மாத்துறதுக்கு முன்னாடி அந்த கனெக்டரை கழட்டிப் பாருங்க

கேள்வி: வணக்கம் சார். நான் ஒரு க்யூசி லேப்ல அனலிஸ்ட். எங்க ஜிசில (கேஸ் க்ரோமேட்டோகிராஃப், கலவையை ஆவியாக்கி ஒவ்வொரு பொருளா பிரிச்சு அளக்கற மெஷின்) ரெண்டு இன்லெட் (சாம்பிளை ஊசியால செலுத்தற சூடான வாய்) இருக்கு, முன்பக்க இன்லெட்டை 250 டிகிரில வெச்சு ஓட்டுறோம். காலைல ஆன் பண்ணா ஒழுங்கா 250க்கு ஏறி நிக்குது, ஒன்றரை மணி நேரம் போனதும் திடீர்னு 400க்கு மேல காட்டி ஃபால்ட் வந்து ஹீட்டர் எல்லாம் ஆஃப் ஆயிடுது. ஆற விட்டு மறுபடி போட்டா ஒன்னுமே நடக்காத மாதிரி ஓடுது. சென்சார் மாத்தினோம், ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு, மூணாவது நாள் பழையபடி வந்துருச்சு. இப்ப மெயின் போர்டு தான் போயிருக்கும், மாத்திடலாம்னு சொல்றாங்க. மாத்தலாமா? இன்னொன்னு, இத்தனை நாளா எடுத்த ரிசல்ட்டை நம்பலாமா?

பதில்: வணக்கம்மா. முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், உங்க லெட்டர்ல நீங்க ரொம்ப முக்கியமான ரெண்டு விஷயத்தை எழுதியிருக்கீங்க, ஒன்னு அந்த ஒன்றரை மணி நேரம், இன்னொன்னு அந்த ரெண்டு நாள். நிறைய பேர் "டெம்பரேச்சர் ஃபால்ட் வருது சார்"னு மட்டும் சொல்லிட்டு விட்டுடுவாங்க, எப்ப வருது, எவ்வளவு நேரம் கழிச்சு வருதுன்னு கேட்டா தெரியாது. நீங்க கவனிச்சிருக்கீங்க, அதனால தான் இங்க உட்கார்ந்துகிட்டே என்னால ஓரளவு சொல்ல முடியுது. போர்டு ஆர்டரை இப்போதைக்கு நிறுத்தி வைங்க.

அந்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கோங்க. இன்லெட் பிளாக் 250க்கு ஏற ரொம்ப நேரம் ஆகாது, அதிகபட்சம் கால் மணி நேரம்னு வெச்சுக்குவோம். சென்சார் எலிமெண்ட் அந்த பிளாக்குக்கு உள்ளேயே இருக்கு, அதுக்குள்ள விரிசல் இருந்து சூட்டுல விரிஞ்சு தான் ஓப்பன் ஆகுதுன்னா (இணைப்பு விட்டுப் போகுதுன்னா) அந்த கால் மணி நேரத்துலயோ, கொஞ்சம் தள்ளியோ வந்திருக்கணும். உங்களுக்கு அதுக்கப்புறமும் ஒரு மணி நேரத்துக்கு மேல நல்லா ஓடிட்டு அப்புறம் தான் வருது. அப்ப மெதுவா சூடாகுற ஏதோ ஒன்னு தான் ஆள். ஜிசில மெதுவா சூடாகுறது எது? மேல் கவருக்கு கீழ இருக்கற கனெக்டர், அதுல இருந்து போற வயர் கட்டு, இன்லெட்டை சுத்தி இருக்கற இன்சுலேஷனுக்கு வெளிப்பக்கம், இதெல்லாம் தான். போர்டும் மெதுவா சூடாகும், இல்லன்னு சொல்லல, ஆனா போர்டு கெட்டிருந்தா உங்க ரெண்டாவது விஷயம் இடிக்குது.

அது என்னன்னா, சென்சார் மாத்தினப்புறம் ரெண்டு நாள் ஓடுச்சுன்னு சொன்னீங்க இல்லையா, அந்த ரெண்டு நாள் ஓட வெச்சது புது சென்சார் இல்லைங்க, கனெக்டரை கழட்டி மாட்டினது தான்னு நான் நினைக்கிறேன். பழசை பிடுங்கி புதுசை சொருகும் போது போர்டு பக்கம் வர்ற வயர்ல இருக்கற அந்த பழைய பின்னு உரசி மேல படிஞ்ச அழுக்கும் ஆக்சைடும் கொஞ்சம் விலகியிருக்கும், கான்டாக்ட் கிடைச்சிருக்கும், ரெண்டு நாள் சூடேறி ஆறி சூடேறி ஆறி மறுபடி பழைய நிலைமைக்கு வந்திருக்கும். நாளைக்கு போர்டு மாத்தினாலும் இதே தான் நடக்கும், ஏன்னா போர்டு மாத்தும் போதும் எல்லா கனெக்டரையும் கழட்டி மாட்டித் தானே ஆகணும். ரெண்டு நாள் ஓடும், எல்லாரும் சந்தோஷமா கையெழுத்து போட்டு கிளம்பிடுவாங்க, மூணாவது நாள் நீங்க தனியா நிப்பீங்க.

இதை நான் அனுபவிச்சு சொல்றேன். சர்வீஸுக்கு வந்த புதுசுல ஒரு லேப்ல ஜிசி ஓவன் (சாம்பிளை பிரிக்கற குழாய் இருக்கற சூட்டுப் பெட்டி) டெம்பரேச்சர் குதிக்குதுன்னு போய் போர்டு மாத்தினேன், சரியாச்சு, மூணே நாள்ல திரும்ப கூப்பிட்டாங்க. அன்னைக்கு வேற வழி இல்லாம சென்சார் வயர்ல மீட்டரை மாட்டி வெச்சுட்டு வயரை ஒவ்வொரு இன்ச்சா விரலால தூக்கித் தூக்கி பார்த்துகிட்டே வந்தேன். பின்பக்க கவர் ஸ்க்ரூ வர்ற இடத்துக்கிட்ட தூக்கினதும் 152 ஓம் காட்டிட்டு இருந்த மீட்டர் ஓப்பன்னு காட்டுச்சு, கையை விட்டா திரும்ப 152. கவரை மூடும் போது யாரோ வயரை ஸ்க்ரூவுக்கு அடியில நசுக்கியிருக்காங்க, உள்ளே காப்பர் இழை ரெண்டோ மூணோ தான் மிச்சம், மேல ஸ்லீவ் மட்டும் அப்படியே முழுசா இருந்தது. கண்ணால பார்த்தா ஒன்னுமே தெரியாது. அந்த லேப்காரங்க தேவையில்லாம ஒரு போர்டுக்கு காசு கொடுத்துட்டாங்கன்னு எனக்கு இன்னைக்கும் மனசு உறுத்தும்.

சரி, உங்க மெஷினுக்கு வருவோம். நீங்க சொன்ன 400க்கு மேல குதிக்கறது கூட ஒரு துப்பு தான். பெரும்பாலான ஜிசில இன்லெட், ஓவன், டிடெக்டர் எல்லாத்துலயும் இருக்கறது பிளாட்டினம் ஆர்டிடி (சூட்டுக்கேத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறுற சென்சார்), அதுலயும் அதிகம் பிடி-100 வகை. பூஜ்யம் டிகிரில 100 ஓம், 25 டிகிரில 109.7, 100 டிகிரில 138.5, 200ல 175.9, உங்க 250ல 194.1 ஓம். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் ஏறும், அவ்வளவு தான் கதை. அப்ப வயர் அறுந்தாலோ பின் கான்டாக்ட் விட்டாலோ ரெசிஸ்டன்ஸ் எகிறிடும், மெஷின் அதை "ரொம்ப சூடு"ன்னு புரிஞ்சுகிட்டு மேல போய் நிக்கும், ஃபால்ட் போட்டு ஹீட்டரை அணைச்சுடும். இதுவே ரெண்டு வயரும் ஒன்னோட ஒன்னு ஒட்டிகிட்டா ரெசிஸ்டன்ஸ் விழுந்துடும், டிஸ்பிளேல பூஜ்யத்துக்கு கீழ எங்கயோ போயிடும். உங்களுக்கு மேல குதிக்குது, அப்ப ஓப்பன் பக்கம் தான், ஷார்ட் இல்ல.

இப்ப என்ன பண்ணணும்னா, ஆறின நிலைமைல மீட்டர் வெச்சு பார்த்துட்டு "110 ஓம் காட்டுது, சென்சார் நல்லா இருக்கு"ன்னு முடிவு பண்ற பழக்கம் இருக்கு பாருங்க, அதை விட்டுடணும். உங்க ஃபால்ட் சூட்டுல வர்றது, சூட்டுல தான் பார்க்கணும். ஆனா அதுக்கு முன்னாடி சேஃப்டி, இதை நான் கண்டிப்பா சொல்லியே ஆகணும். அந்த கனெக்டர்ல சென்சார் வயர் பக்கத்துலயே ஹீட்டர் வயரும் வரும், அதுல மெயின்ஸ் வோல்டேஜ் ஓடும், மெஷின் ஆன்ல இருக்கும் போது அதுல கை வைக்கவே கூடாது. அதனால ஓவனை 40 டிகிரிக்கு இறக்கிடுங்க, உள்ளே இருக்கற காலம் (column, சாம்பிளை பிரிக்கற அந்த குழாய்) முழுசா ஆறட்டும், இன்லெட்டை மட்டும் 250லயே விடுங்க. எஃப்ஐடி (சுடர் வெச்சு அளக்கற டிடெக்டர்) இருந்தா சுடரை அணைச்சு ஹைட்ரஜன், ஏர் ரெண்டையும் மூடுங்க, கேரியரே (சாம்பிளை தள்ளிட்டு போற கேஸே) ஹைட்ரஜன்னா பவரை எடுக்கறதுக்கு முன்னாடி அதையும் சோர்ஸ்லயே மூடிடுங்க. அந்த ஒன்றரை மணி நேரம் ஆகட்டும், முடிஞ்சா ஃபால்ட் வர்ற வரைக்கும் காத்திருங்க. வந்ததும் ஸ்விட்சை மட்டும் அணைச்சா போதாது, பிளக்கையே பிடுங்கிடுங்க. பிடுங்கின பிளக் உங்க கண்ணு முன்னாடி தரைல கிடக்கணும். அப்புறம் தான் கவரை திறக்கறது, ஹீட் கிளவுஸ் போட்டுகிட்டு.

கனெக்டரை உடனே பிடுங்கிடாதீங்க! இங்க தான் எல்லாரும் தப்பு பண்றாங்க. பிடுங்கிட்டா கான்டாக்ட் உரசி சரியாயிடும், ஆதாரம் போயிடும். முதல்ல அதே நிலைமைல ஒரு போட்டோ எடுங்க. அடுத்து போர்டு பக்கம் இருக்கற முனையை மட்டும் கழட்டி, இன்லெட் பக்க கனெக்டரை தொடாம, அந்த வயரோட முனைல இருந்து ரெசிஸ்டன்ஸ் பாருங்க. மீட்டர் 0.1 ஓமாவது காட்டுறதா இருக்கணும், ரெண்டு லீடையும் ஒட்ட வெச்சு அது காட்டுற 0.2, 0.3 ஓமை கழிச்சுக்கோங்க. முதலைவாய் கிளிப் போட்டுகிட்டா ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும். மீட்டர்ல 190 சில்லறைல ஆரம்பிச்சு மெதுவா, ஒரே சீரா இறங்கிட்டே வரணும், இன்லெட் ஆறிட்டு இருக்கு இல்லையா அதனால. அப்படி இறங்கும் போது கனெக்டரை லேசா ஆட்டுங்க, வயரை தூக்குங்க, வளைங்க. எந்த இடத்தை தொட்டா நம்பர் குதிக்குதோ அது தான் உங்க ஃபால்ட். குதிக்கலன்னா அடுத்து இன்லெட் பக்க கனெக்டரை கழட்டி, சென்சார் பக்கம் மட்டும் பாருங்க. முன்னாடி பார்த்த நம்பருக்கும் இதுக்கும் 1 ஓமுக்கு மேல வித்தியாசம் வந்தா கனெக்டரும் வயரும் அந்த ஓமை சாப்பிட்டுகிட்டு இருக்குன்னு அர்த்தம் (ஆறிட்டே இருக்கும்ங்கறதால சட்டுன்னு பார்க்கணும்).

இதுலயும் எதுவும் மாட்டலன்னா போர்டு பக்கம் சந்தேகப்படலாம், அதுக்கும் போர்டு வாங்க வேண்டியதில்ல. உங்ககிட்ட ரெண்டு இன்லெட் இருக்கு, முன்னாடி இருக்கற கனெக்டரை பின்னாடி சாக்கெட்லயும் பின்னாடி உள்ளதை முன்னாடியும் மாத்தி மாட்டி ஓட்டுங்க. ஃபால்ட் இன்லெட்டோட சேர்ந்து இடம் மாறினா சென்சார், வயர் பக்கம், போர்டோட அதே சாக்கெட்லயே நின்னா போர்டு பக்கம். ஆனா தயவுசெஞ்சு இதை கவனமா படிங்க: சில மெஷின்ல ஹீட்டரும் சென்சாரும் ஒரே கனெக்டர்ல வரும், சிலதுல தனித்தனியா வரும். தனித்தனியா இருந்தா ரெண்டையும் சேர்த்து தான் மாத்தணும். சென்சாரை மட்டும் மாத்திட்டா, முன் இன்லெட் ஹீட்டர் எரியும், மெஷின் பின் இன்லெட்டோட சூட்டை பார்த்துகிட்டு இருக்கும், அது ஏறவே ஏறாது, மெஷின் இன்னும் குடு இன்னும் குடுன்னு முழு பவரையும் தள்ளும். என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சாக்கெட் டைப் வேறவேறயா இருந்தாலோ, மேனுவல்ல மாத்தக்கூடாதுன்னு இருந்தாலோ இதை பண்ணவே வேண்டாம்.

அதுக்கு பதிலா இன்னொரு வழி, சென்சாருக்கு பதிலா ஒரு சாதா ரெசிஸ்டரை சாக்கெட்ல மாட்டிப் பாருங்க. 110 ஓம் போட்டா டிஸ்பிளே 26 டிகிரி கிட்ட காட்டணும், 150 ஓம் போட்டா 130 கிட்ட. 1 சதவீத ரெசிஸ்டர்னா மூணு நாலு டிகிரி முன்ன பின்ன இருக்கும், மீட்டர்ல அதோட நிஜ மதிப்பை பார்த்துட்டு போடுங்க. ரெண்டு மூணு மணி நேரம் அப்படியே விட்டு நம்பர் ஆடாம நின்னா போர்டுக்கு நல்ல சர்டிஃபிகேட் கொடுத்துடலாம். ஆனா இங்கயும் அதே எச்சரிக்கை தான், ஹீட்டர் வயரை கழட்டி வெச்சுட்டு, செட்பாயிண்டையும் ஆஃப் பண்ணிட்டு தான் ரெசிஸ்டரை போடணும், ரெசிஸ்டர் சூடே ஆகாது, ஹீட்டர் மாட்டியிருந்தா மெஷின் நிறுத்தாது.

கனெக்டர் தான் குற்றவாளின்னு தெரிஞ்சதும் அதை உத்துப் பாருங்க, லென்ஸ் இருந்தா லென்ஸ் வெச்சு. பளபளன்னு இருக்க வேண்டிய பின் பழுப்பா, நீலமா மாறியிருக்கும், பெண் பின்னோட வாய் அகண்டு ஆண் பின்னை இறுக்கி பிடிக்காம லொடலொடன்னு இருக்கும், சில சமயம் க்ரிம்ப் பண்ணினவங்க (வயர் முனைல பின்னை நசுக்கி இறுக்கினவங்க) காப்பரை விட்டுட்டு மேல இருக்கற இன்சுலேஷனை கடிச்சு வெச்சிருப்பாங்க, அது ஆறியிருக்கும் போது ஒட்டும், சூட்டுல விட்டுடும். இதுக்கெல்லாம் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சா ஒரு வாரம் ஓடும், அவ்வளவு தான். புது பின் வாங்கி, அதுக்குன்னு இருக்கற க்ரிம்ப் டூல்ல க்ரிம்ப் பண்றது தான் சரி. பின்னை சால்ட் பேப்பர் போட்டு தேய்க்காதீங்க, மேல இருக்கற பூச்சு போயிடும், அப்புறம் இன்னும் சீக்கிரம் கெடும். இன்லெட் பக்கத்துல சால்டர் பண்ணி ஜாயிண்ட் போடவே கூடாது, சாதாரண டின் லெட் சால்டர் 183 டிகிரிலயே உருகிடும், இன்லெட் 250ல இருக்கு, நீங்களே யோசிச்சு பாருங்க. வயரும் கிளாஸ் ஃபைபர் ஸ்லீவ் போட்டதா இருக்கணும், வீட்டு வயரிங்குக்கு போடற பிவிசி வயரை நீட்டி போட்டு மேல டேப் சுத்தி வெச்சதையும் நான் பார்த்திருக்கேன், வேண்டாம்மா.

புது சென்சார் போட்டவங்க அதை துளைக்குள்ள கடைசி வரைக்கும் தள்ளி உட்கார வெச்சாங்களான்னும் பாருங்க. பாதி வெளியே நின்னா அது நிஜ சூட்டை விட கம்மியா காட்டும், மெஷின் அதை ஈடுகட்ட கூடுதலா சூடு பண்ணும், டிஸ்பிளேல அழகா 250ன்னு இருக்கும், உள்ளே அதை விட அதிகமா இருக்கும், ஃபால்ட்டே வராது. செப்டம் (இன்லெட் மேல ஊசி குத்தற ரப்பர்) சீக்கிரம் சீக்கிரமா கருகி நொறுங்குதுன்னா, தெரியாத சின்ன சின்ன பீக் (கிராஃப்ல ஒவ்வொரு பொருளுக்கும் வர்ற மேடு) வருதுன்னா அதையும் நினைச்சுக்கோங்க.

உங்க ரெண்டாவது கேள்வி தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. மெஷின் ஓடினா போதும்னு நினைக்காம ரிசல்ட்டை பத்தி கேட்கறீங்க பாருங்க. கான்டாக்ட் ஒரே நாள்ல போகாது, கொஞ்சம் கொஞ்சமா தான் போகும். முழுசா விடறதுக்கு முன்னாடி 1 ஓம், 2 ஓம்னு கூடிட்டே வந்திருக்கும். 250 டிகிரி பக்கம் ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 0.36 ஓம், அப்ப 1 ஓம் கூடினா மெஷின் ஏறக்குறைய 3 டிகிரி அதிகமா படிக்கும். அதிகமா படிச்சா ஹீட்டரை குறைக்கும். அதாவது டிஸ்பிளே 250, நிஜம் 247. ரெண்டு வயர் கனெக்ஷன்ல தான் இந்த பிரச்சனை, நாலு வயர் சென்சார்ல லீடோட ரெசிஸ்டன்ஸ் கணக்குல வராது.

இன்லெட்ல 3 டிகிரி குறைஞ்சா பெரும்பாலான மெத்தடுக்கு பெருசா ஒன்னும் ஆகாது. 15, 20 டிகிரி குறைஞ்சிருந்தா ஸ்ப்ளிட் இன்ஜெக்ஷன்ல (சாம்பிள்ல ஒரு பங்கை மட்டும் உள்ளே அனுப்பற முறைல) கடைசியா வர்ற கனமான காம்பவுண்டுகள் முழுசா ஆவியாகாம அடி வாங்கும். அதனால கடைசி நாலஞ்சு மாச செக் ஸ்டாண்டர்டு (அளவு தெரிஞ்ச சோதனை சாம்பிள்) டேட்டாவை எடுங்க, கடைசி பீக்கோட ஏரியாவை முதல் பீக்கோட ஏரியாவால வகுத்து, தேதி வாரியா ஒரு கிராஃப் போடுங்க. கோடு படுத்து கிடந்தா ரிசல்ட்டை நம்பலாம். மெதுவா இறங்கிட்டே வந்து, சென்சார் மாத்தின அந்த ரெண்டு நாள் மட்டும் மேல எழும்பியிருந்தா, நான் மேல சொன்னதுக்கு அதை விட நல்ல சாட்சி வேற இல்ல, அந்த காலத்து ரிசல்ட்டை உங்க க்யூஏ (தர உறுதிப் பிரிவு) கிட்ட எழுத்துல சொல்லியே ஆகணும். மறைக்காதீங்க, பின்னாடி ஆடிட்ல வந்தா இன்னும் கஷ்டம்.

ரிடென்ஷன் டைமை (ஒரு பொருள் காலத்தை, அதாவது அந்த குழாயை, கடந்து வர்ற நேரத்தை) வெச்சு இதை கண்டுபிடிக்க முடியாது, அதை பெரும்பாலும் முடிவு பண்றது ஓவன். ஓவன் சென்சார் தப்பா காட்டுச்சுன்னா தான் ரிடென்ஷன் நகரும், அதுவும் நல்லாவே நகரும், ஐசோதெர்மல் ஓட்டத்துல (ஓவனை ஒரே சூட்டுல வெச்சு ஓட்டும் போது) 15லருந்து 20 டிகிரி கூடினா ரிடென்ஷன் ஏறக்குறைய பாதியாயிடும்னு ஒரு கணக்கு உண்டு, அதுல ஒரு டிகிரிக்கு 3லருந்து 5 சதவீதம் வரும். உங்க ரிடென்ஷன் டைம் அசையலன்னா ஓவன் பக்கம் கவலை வேண்டாம்.

இதை படிக்கற மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை, உங்க மெஷின்ல ஆர்டிடி இல்லாம தெர்மோகப்பிள் (ரெண்டு வேற உலோக வயரை ஒரு முனைல சேர்த்த சென்சார்) இருந்தா மேல சொன்ன ஓம் கணக்கு எதுவும் ஓடாது. அதுல ஷார்ட் தான் ஆபத்து. நடுவழில ரெண்டு வயரும் ஒட்டிகிட்டா அது ஒட்டின இடத்தோட சூட்டை காட்டும், அதாவது அறை சூடு மாதிரி ஏதோ ஒன்னு, மெஷின் இன்னும் ஆறியிருக்குன்னு நினைச்சு ஹீட்டரை தள்ளிகிட்டே இருக்கும். இன்னொன்னு கலர். கே டைப்ல அமெரிக்க முறைல சிவப்பு வயர் தான் நெகட்டிவ், மஞ்சள் பாசிட்டிவ். சிவப்புன்னா பாசிட்டிவ்னு கை தானா போய் மாத்தி மாட்டிடும், அப்ப சூடு ஏற ஏற டிஸ்பிளே இறங்கும். சந்தேகம்னா ஒரு காந்தத்தை கிட்ட கொண்டு போங்க, கே டைப்ல நெகட்டிவ் வயர் தான் லேசா ஒட்டும்.

அப்புறம் டிஸ்பிளே சரியான அறை சூட்டை காட்டிகிட்டு, ஏறவே மாட்டேங்குதுன்னா சென்சாரை விட்டுடுங்க, ஹீட்டர், ஃபியூஸ் பக்கம் போங்க.

ரிப்பேர் முடிஞ்சதும் காலிபரேட் பண்ணின தனி புரோப் வெச்சு இன்லெட்டை 150, 200, 250 மூணுலயும் பார்த்து லாக் புக்ல எழுதிடுங்க, சிஸ்டம் சூட்டபிலிட்டி (மெஷின் அந்த மெத்தடுக்கு தயாரான்னு பார்க்கற சோதனை) ஒரு தடவை ஓட்டிட்டு சாம்பிளை ஆரம்பிங்க. மூணு நாள் ஓடினா போதாது, உங்க மெஷின் ரெண்டு நாள் ஏமாத்தினது, குறைஞ்சது ரெண்டு வாரம் தினமும் காலைல அந்த ஏரியா கணக்கை பாருங்க. சூட்டுல எடுத்த ஓம் நம்பரும், பின்னோட போட்டோவும், அந்த கிராஃபும் எனக்கு அனுப்புங்க. இத்தனையும் பார்த்து எங்கயும் நம்பர் குதிக்கலன்னா, நானே போர்டு மாத்துங்கன்னு எழுதி தர்றேன்.